வாவிக்கரையின் கூத்துப் பருவம்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். இரண்டிற்கும் பெயரிட்டது ஞாயிறு. கதிரவன் எழுகின்ற கடற்புறத்துக் கரையை எழுவான்கரை என்றும், அவன் படுகின்ற வயற்புறத்துக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கடலோடு இணையாகக் கிடக்கும் அந்த நீர்ப்பரப்பின் ஒருபுறத்திலே களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம் முதலிய ஊர்கள். மறுபுறத்திலே கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முனைக்காடு, அம்பிளாந்துறை முதலிய ஊர்கள். 2014ஆம் ஆண்டில் மண்முனைத்துறையிலே பாலம் திறக்கப்படும் வரையில், அங்கே கரை கடக்க விரும்பியவர் 'பாதை' என்று அவ்வூரார் பெயரிட்டழைத்த மிதவையிலேதான் ஏறவேண்டியிருந்தது. காற்று அடங்கிய இரவுகளில் மத்தளத்தின் ஒலிக்கு மட்டும் பாதையும் வேண்டியதில்லை, தோணியும் வேண்டியதில்லை. அது நீரின்மேல் தானே நடந்து மறுகரை சேர்ந்துவிடும். எந்த ஊரிலே கூத்துப் பழகுகின்றார்கள் என்பதை அக்கரையார் காதாலேயே அறிந்துகொள்வர்.

இசைக்கென்று ஒரு பருவம் வகுத்துக்கொள்வது நகரங்களின் வழக்கம் என்றே பலரும் எண்ணுவர். சென்னையிலே மார்கழி மாதத்தில் நிகழும் இசைவிழாவை அறியாத தமிழர் இலர். 1927ஆம் ஆண்டு அந்நகரிலே காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அதற்குப் பின்னர் ஆண்டுதோறும் மார்கழிக் கச்சேரிகள் தழைத்தன. பெரும் வித்துவான்கள் வந்து பாடுவதும், ஊரார் சீட்டுப் பெற்று இருந்து கேட்பதும் அப்பருவத்தின் இலக்கணம். மட்டக்களப்பு வாவிக்கரையிலும் ஓர் இசைப்பருவம் உண்டு. அது சபைகளால் ஏற்பட்டதன்று, நெல்லால் ஏற்பட்டது.

ஐப்பசி தொடங்கித் தை வரையும் வடகீழ்ப் பருவமழை அந்நிலத்தை நனைத்துவிடும். அக்காலத்திலே திறந்த வெளியில் ஆடுவதும் இயலாது, உழவர்க்கு ஓய்வும் இராது. மாசி, பங்குனியிலே பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்தபின், மழையும் நின்று, இரவுகள் தெளிந்து, கோயில்கள் ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும். வைகாசியிலே கண்ணகியம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நிகழும், கண்ணகி வழக்குரை பாடுவர், வசந்தன் ஆடுவர். (இவ்வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி 1940இல் நூலாக வெளியிட்டார்.) இவற்றிற்கெல்லாம் நடுநாயகமாக விளங்குவது கூத்து. கல்லடிப் பாலத்தின் கீழே நீருக்குள்ளிருந்து எழுவதாகச் சொல்லப்படும் மீனிசையும் சித்திரை முதற் புரட்டாதி வரையுள்ள அமைதியான நிலாக் காலத்திலேதான் கேட்கும் என்பர். 1848இல் அவ்விடத்திற்குச் சென்ற எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி அவ்வொலியைத் தாமே கேட்டதாக எழுதிவைத்தார். அது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மீன் பாடினாலும் பாடாவிட்டாலும், அதே மாதங்களிலே மனிதர் பாடுவது உறுதி.

மட்டக்களப்பிலே கூத்து இரு மோடியாக வழங்குகின்றது. வடமோடி, தென்மோடி என்பன அவை. பாரதப் போரையும் இராம காதையையும் வீறுடன் ஆடிக்காட்டுவது வடமோடியின் இயல்பு. அலங்காரரூபன் நாடகம், பவளக்கொடி நாடகம் போன்ற காதற் கதைகளும், இழுத்துப் பாடும் இசை நயமும், நுணுக்கமான தாளக்கட்டும் தென்மோடியிலே மிகுதி. எந்த மோடியாயினும் பாட்டே அதன் உயிர். விருத்தம், கொச்சகம், தரு, சிந்து, தாழிசை என்று நூற்றுக்கணக்கான பாட்டுக்கள் ஓர் இரவிலே பாடப்பெறும். மாலை உணவு முடிந்து தொடங்குவது விடிவெள்ளி தோன்றும் வரை நீளும்.

இத்துணை நீண்ட இசைக்கு வேண்டிய கருவிகள் எவை? மத்தளமும் சல்லரியுமே. வட்டமான களரியின் நடுவே அண்ணாவியார் நிற்பார். மத்தளம் அவரிடத்திலோ அருகில் நிற்பவரிடத்திலோ இருக்கும். சல்லரி என்னும் சிறுதாளம் கொட்டுபவர் ஒருவர். ஏடு பார்ப்பவர் ஒருவர். பிற்பாட்டுப் பாடும் சபையோர் சிலர். இவர்களைச் சுற்றி ஆடுவோர் வட்டமாகச் சுழன்று ஆடுவர். அவர்களைச் சுற்றி நாற்புறமும் ஊரார் பாய் விரித்து இருப்பர். முற்காலத்திலே களரியைச் சுற்றி வாழைக்குற்றிகளை நட்டு, அவற்றின் மேல் எண்ணெய் விளக்கு ஏற்றினர். பின்னர் பெற்றோல்மாக்ஸ் விளக்கு வந்தது; அதன் பின்னர் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன.

ஒலிபெருக்கி இல்லாத காலத்திலே இவ்வமைப்பு முழுவதும் செவியின் தேவையை அறிந்து வகுக்கப்பட்டது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆடுபவனே பாடவும் வேண்டும். வடமோடி அரசனோ கரப்புடுப்பின் பாரத்தைச் சுமந்துகொண்டு ஆட வேண்டும். ஓரடி பாடியதும் அவனுக்கு மூச்சு வாங்கும். அந்நேரத்திலே அவன் பாடியதைச் சபையோர் ஏந்திப் பாடுவர். அதனால் ஆடுபவனுக்கு ஓய்வு. காற்றிலே தவறிய சொல்லை மறுமுறை கேட்பதால் இருப்போருக்குத் தெளிவு. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இடையே தாளம் அறுந்துபோகாமல் இருப்பதால் மத்தளக்காரருக்குத் துணை. வட்டமாகச் சுழன்று ஆடுவதும் அழகுக்கு மட்டும் அன்று. ஒரு பக்கத்தார்க்கு முதுகு காட்டிப் பாடியவன் அடுத்த சுற்றிலே அவர்களுக்கு முகம் காட்டுவான். களரிக்கு முன்வரிசை என்பதும் இல்லை, பின்புறம் என்பதும் இல்லை. இன்ன இடத்திலே இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று சீட்டு விலை கூட்டுவதற்கும் வழியில்லை!

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழல் ஆசிரியன், யாழ் ஆசிரியன் என்று அறுவரைத் தனித்தனியே நிறுத்தி அவரவர் இலக்கணத்தைக் கூறுகின்றது. வாவியின் தென்பகுதியை அடுத்த காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் அக்காதையிலே ஈடுபட்டுப் பல்லாண்டு உழைத்து, மறைந்துபோன யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து, 'யாழ் நூல்' என்னும் பெருநூலை 1947ஆம் ஆண்டு, தாம் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அரங்கேற்றினார். அவர் பிறந்த நாட்டின் களரியிலே யாழும் இல்லை, குழலும் இல்லை. ஏனைய நால்வர் உளர். அந்நால்வரும் பெரும்பாலும் ஒருவரிடத்திலேயே உளர். அண்ணாவியார் ஆட்டம் பழக்குகின்றார், பாட்டுச் சொல்லிக்கொடுக்கின்றார், மத்தளம் கொட்டுகின்றார், வேண்டுமிடத்துப் பாட்டுக் கட்டவும் செய்கின்றார். நூலிலே தேடவேண்டிய கலை ஒன்று. நூலின்றியே நிலைத்த கலை மற்றொன்று. இரண்டும் ஒரே வாவிக்கரைக்கு உரியனவாய் அமைந்தமை வியப்பே.

இனி, பருவம் என்று மேலே கூறியது எதனை என்பதைப் பார்ப்போம். அரங்கேறும் ஓர் இரவைப் பருவம் என்று கூறுதல் பொருந்தாது. அந்த ஓர் இரவுக்குப் பின்னே பல மாதங்கள் நிற்கின்றன. அந்த மாதங்களே பருவம்.

ஊர்ப் பெரியோர் கூடி, இவ்வாண்டு இன்ன கூத்து ஆடுவது என்று முடிவுசெய்து, வெற்றிலை வைத்து அண்ணாவியாரை அழைப்பர். குரலும் உடற்கட்டும் பார்த்து யார்க்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானிப்பர். குரலும் உடலும் மட்டுமே பார்க்கப்பட்டன என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. குடியும் சாதியும் செல்வாக்கும் பார்த்தே முடி தரித்த வேடங்கள் கொடுக்கப்பட்டமையை ஆராய்ச்சியாளர் மறைக்காது எழுதியுள்ளனர். பெண் வேடங்களையும் ஆண்களே ஆடினர். பின்னாளிலே பல்கலைக்கழகத்து மேடைகளிலே மாணவியர் கூத்தாட வந்தபோது, ஊர்க் களரியிலே இல்லாத புதுமை ஒன்று நேர்ந்தது.

பாத்திரம் முடிவானபின் நிகழ்வது சட்டம் கொடுத்தல். சட்டம் என்பது எழுதுவதற்கு வாரிய பனையோலைக்குப் பெயர். ஒருவன் பாடவேண்டிய பாட்டுக்களை மட்டும் தனியே எழுதி அவனிடம் கொடுப்பர். பிற்காலத்திலே ஓலை போய்க் கொப்பித் தாள் வந்தது, பெயர் மாறவில்லை. முழு நாடகமும் அண்ணாவியாரிடத்திலேயே இருக்கும். தருமனுடைய கையிலே தருமனுடைய பாட்டு. வீமனுடைய கையிலே வீமனுடைய பாட்டு. முழுக்கதையையும் ஒருவனும் கையிலே வைத்திருப்பதில்லை.

ஐரோப்பியரிடத்திலே 'அறை இசை' என்று ஒரு மரபு உண்டு. பெருமண்டபத்துக்கு உரிய பல்லியம் அன்று அது. ஒரு வீட்டின் கூடத்துக்கு அளவானது. இரண்டு வயலின், அவற்றிலும் தாழ்ந்த குரலுடைய வயோலா ஒன்று, செல்லோ ஒன்று ஆக நால்வர் இருந்து வாசிப்பது அதன் சிறந்த வடிவம். சூபேர்ட் என்னும் இசைப்புலவர் இளமையிலே தம் வீட்டில் வயோலா வாசித்தார். தமையன்மார் இருவர் வயலின், தந்தையார் செல்லோ. அவ்விசையிலும் ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டுமே எழுதப்பட்ட தாள் இருக்கும். கோலெடுத்து நடத்துவோர் எவரும் இலர். மற்றவர் எங்கே மூச்செடுக்கின்றார், எங்கே தளர்கின்றார் என்பதைக் கேட்டுக் கேட்டே ஒருவர் தம் பகுதியை இணைக்க வேண்டும். ஆகவே அது வாசிக்கும் கலையாகும் முன்னர்க் கேட்கும் கலையாகின்றது. சட்டம் பெற்ற கூத்தனுக்கும் இதுவே நியதி. தன் தாளை மட்டும் மனனம் செய்தவன் களரியிலே நிற்கமாட்டான். தனக்கு முன் பாடுபவனுடைய கடைசிச் சொல்லும், மத்தளத்தின் தீர்மானமும் அவன் காதிலே ஊறியிருத்தல் வேண்டும்.

அதற்கு வேண்டிய காலத்தைத்தான் வாவிக்கரை தாராளமாகக் கொடுத்தது. பகலெல்லாம் வயலிலோ தோணியிலோ உழைத்தவர்கள், இரவிலே ஒரு வளவிலோ கோயில் வாசலிலோ கூடுவர். முதலிலே தாளத்துக்கு அடி வைத்தல், பின்னர்ப் பாட்டு, பின்னர் இரண்டும் சேர்த்தல். எழுத்தறியாதவர் செவியாலேயே கற்பர். ஆட்டம் கால்களில் ஏறியபின் சதங்கை அணியும் விழா. வெறுங்காலில் மறைந்துபோன பிழை சதங்கை கட்டியதும் ஊரறிய ஒலிக்கும் ஆதலின், பழகுபவனுக்கு அது மகிழ்ச்சியும் அச்சமும் கலந்த நாள். அதன்பின் கிழமைக்கூத்து, வாரத்துக்கு ஒருநாள் கூடி ஆடிப் பார்த்தல். இறுதியிலே அடுக்குப் பார்த்தல். முதல் வரவு முதல் வாழி வரை ஓர் ஒழுங்காக ஆடி முடித்தல். அதுவும் நிறைந்தபின்பே அரங்கேற்றம்.

இப்பழக்கங்கள் எவையும் கதவடைத்து நிகழ்வன அல்ல. சிறுவர் வேலியோரத்தில் நின்று பார்ப்பர். பெண்கள் நெல் அவித்துக்கொண்டே கேட்பர். முதியோர் திண்ணையிலிருந்து திருத்துவர். அரங்கேற்ற இரவு வரும்போது ஊரிலே பாட்டுத் தெரியாதவர் இரார். கட்டியகாரன் களரிக்கு வரும்போதே, அடுத்து என்ன மெட்டு வரும் என்பது இருப்போர்க்குத் தெரியும். ஆகவே அன்றிரவு ஊரார் கேட்பது கதையை அன்று. இன்னாருடைய மகன் அந்த விருத்தத்தை எவ்வாறு எடுக்கின்றான், சென்ற கிழமை தடுக்கிய இடத்தை இன்று எவ்வாறு கடக்கின்றான் என்பதையே கேட்கின்றனர். அரங்கேறியபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் இருந்தது. வளவின் முற்றமே அங்கே களரி. வீட்டார் தரும் சன்மானமே ஊதியம்.

இவ்வளவு பெரிய முயற்சி நகரத்தார் கண்ணுக்கு நெடுநாள் தோன்றவில்லை. படித்தவர் சிலர் அதனைக் 'கூத்து' என்ற சொல்லாலேயே இகழ்ந்தனர். அந்நிலை மாறியதற்குச் சிங்கள நாடகம் ஒன்றும் காரணம். 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் நாடகத்தை நாடகம என்னும் பழைய பாணியைத் தழுவி அரங்கேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடையது அந்தப் பாணி. அயலார் தம் மரபிலிருந்து ஒரு புதுமையை எழுப்பக் கண்ட பேராதனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைத் தேடி வந்தார். அலங்காரரூபன் நாடகத்தை 1962இல் பதிப்பித்தார். அதே ஆண்டிலே, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பயிற்சியோடு பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். 1963இல் 'நொண்டி நாடகம்', அதன் பின்னர் 'இராவணேசன்' என அம்முயற்சி தொடர்ந்தது. மாணவராயிருந்து அவற்றிலே பங்குகொண்ட சி. மௌனகுரு, பிற்காலத்திலே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதி, வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகவும் விளங்கினார். மட்டக்களப்புக் கூத்தினைத் தமிழரின் செந்நெறிக் கலையாக மதித்தல் வேண்டும் என்னும் வாதம் வலுப்பெற்றதும் இத்தொடர்ச்சியினாலேயே.

மேடைக்கு வரும்போது கூத்து எதனை இழந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடிய விடிய ஆடியது ஒன்றரை மணி நேரத்துள் அடங்கியது. வட்டக்களரி போய், ஒருபுறம் மட்டும் திறந்த மேடை வந்தது. நடுவிலே நின்ற மத்தளமும் சல்லரியும் ஓரத்துக்குச் சென்றன. இவற்றைக் குறைகூறுவோர் உண்டு. ஆயினும் நேரம் சுருங்கியது பெரிய இழப்பன்று. ஓர் இரவுக் கூத்திலே மீண்டும் மீண்டும் வரும் பாட்டுக்கள் பல. அவற்றைத் தேர்ந்து செறிவாக்கியதால் நகரத்தார் முதன்முறையாக இருந்து கேட்டனர். கூத்தினை மதிப்புக்குரியதாக்கியவர் வித்தியானந்தனே. (வானொலிக்கும் இதிலே பேச உரிமை குறைவு. பத்து மணி நேரக் கூத்தை அரைமணி நேரத்துக்குள் அடக்கும்படி கேட்கும் கருவி அது!) உண்மையான இழப்பு வேறு. மேடைக் கூத்தைப் பார்க்க வந்தவர், அதனை அன்றுதான் முதன்முதற் கேட்டனர். வேலியோரத்துச் சிறுவரும், திண்ணையிலிருந்து திருத்திய முதியோரும் அங்கே இலர். ஓர் இரவு சுருங்கியதால் அன்று, பல மாதங்கள் இல்லாமற் போனதாலேயே ஊரார் பார்வையாளராகிவிட்டனர்.

பின்னர் நேர்ந்தவை இன்னும் கொடியவை. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே இரவிலே வெளியிற் செல்வதே அரிதாயிற்று. இரவு இல்லையேல் கூத்து ஏது? படுவான்கரை ஊர்கள் பல மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி எழுவான்கரையைத் தாக்கியது. ஆடுவோரும் ஆட்டுவிப்போரும் சிதறினர். ஏடுகளும் உடன் அழிந்தன. அச்சில் ஏறாத கூத்து ஒன்றின் கொப்பி கெட்டால், அதனை மனத்திலே வைத்திருக்கும் அண்ணாவியாரே இறுதிப் பிரதி ஆவார்.

அந்தக் காலத்திலும் முயற்சி அறவே நின்றுவிடவில்லை. மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையிலே, 2000ஆம் ஆண்டை அடுத்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவருடைய நண்பரும் ஊராரோடு கூடியிருந்து 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் பணியைத் தொடங்கினர். கூத்தை மேடைக்குக் கொண்டுசெல்லுதல் அவர் நோக்கமன்று. களரியிலேயே வைத்து, அண்ணாவியாரும் ஆடுவோரும் ஊராருமே அமர்ந்து பேசி, எப்பாட்டை மாற்றுவது, பெண் பாத்திரத்தின் சொற்களை எவ்வாறு திருத்துவது, இளையோர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்று தாமே முடிவுசெய்தல் என்பதே அதன் முறை. மேடை வழியே சரி என்போரும், களரி வழியே சரி என்போரும் எழுதிய கட்டுரைகள் பல. அவ்வழக்கிலே இருசாராரும் ஒரு செய்தியில் உடன்படுவர்: அண்ணாவியாருக்கு முன்னால் இளைஞர் அமர்ந்து பழகும் இரவுகள் வேண்டும் என்பதே அது. அந்த இரவுகளைப் பெறுவதுதான் இன்று அரிதாயுள்ளது. நகரத்திலே வேலை பார்ப்போரும், கடல் கடந்து அரபு நாடுகளுக்குச் சென்றோரும், பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மாணவரும் மூன்று திங்கள் தொடர்ந்து ஒரு வளவிலே கூடுவது எளிதன்று.

ஆயினும் வாவியின் இரு கரைகளிலும் அறுவடை முடிந்தபின் சில ஊர்களிலேனும் சட்டம் கொடுக்கின்றனர், சதங்கை கட்டுகின்றனர். கூத்து முடிந்தபின்பும் அதன் அடையாளம் ஒன்று அவ்வூர்களிலே நின்றுவிடுகின்றது. ஒருமுறை நன்றாக ஆடியவனை அவன் தாய் தந்தையர் இட்ட பெயரால் ஊரார் அழைப்பதில்லை. தலை நரைத்து, ஆட்டம் விட்டு, வயல் வரம்பிலே குடை பிடித்து நடந்து வரும் முதியவரைக் கண்டால், "தருமர் வாறார்" என்றே சிறுவரும் சொல்லுவர்.